அமெரிக்காவுக்குள் யாரை விடலாம்? சீனர்களுக்குத் தடை முதல் கிரீன் கார்டு வரிசை வரை... நடந்தது என்ன?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் இந்தியர்கள் பலர் கிரீன் கார்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதே ஆபீஸில், அதே வேலையில், அவர்களுக்குப் பிறகு விண்ணப்பித்த வேறு நாட்டுக்காரருக்கு முன்னாடியே கிடைத்துவிடுகிறது. காரணம் படிப்போ சம்பளமோ இல்லை, பிறந்த நாடு. ஆளைப் பார்க்காமல் பிறந்த இடத்தைப் பார்க்கும் இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது?

முதல் தடை யாருக்கு?

சீனர்களுக்கு. கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்ததும் 1850களில் சீனத் தொழிலாளர்கள் பெருமளவில் வந்தார்கள். 1869-ல் முடிந்த கண்டம் கடக்கும் ரயில் பாதையின் மேற்குப் பகுதியைப் போட்டதில் பெரும் பங்கு அவர்களுடையது. பாறையை உடைக்க ஆள் தேவைப்பட்டவரை யாரும் எதுவும் சொல்லவில்லை.

1870களில் பொருளாதாரம் சரிந்து வேலையின்மை வந்தபோது பேச்சு மாறியது. 'குறைந்த கூலிக்கு வந்து நம்ம வேலையைப் பறிக்கிறாங்க', 'நம்மோடு ஒட்ட மாட்டாங்க' என்ற பிரசாரம் தேர்தல் மேடை ஏறியது. 1882-ல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. சீனத் தொழிலாளர்கள் 10 ஆண்டுகளுக்கு வரக் கூடாது, ஏற்கெனவே இருப்பவர்கள் குடியுரிமை பெற முடியாது என்றது அந்தச் சட்டம். 10 ஆண்டு என்று சொன்ன தடை 61 ஆண்டு நீடித்தது. 1943-ல் நீக்கியபோதும் சீனர்களுக்குக் கொடுத்த இடம் ஆண்டுக்கு 105 மட்டுமே.

வெள்ளையர்களுக்குத் தடை இல்லையா?

வெறுப்பு இருந்தது. 1840களில் பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துக்காரர்களைக் கத்தோலிக்கர்கள் என்பதற்காகவே எதிர்த்தார்கள். 'நோ நத்திங்' என்ற பெயரில் இதற்காகவே ஒரு கட்சி வளர்ந்தது. பிறகு இத்தாலியர்கள், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் மீது அதே குற்றச்சாட்டுகள் விழுந்தன.

1924-ல் இதுவும் சட்டமானது. 1890 கணக்கெடுப்பின்போது ஒரு நாட்டில் பிறந்தவர்கள் அமெரிக்காவில் எத்தனை பேர் இருந்தார்களோ, அதில் 2 சதவீதம் பேருக்குத்தான் ஆண்டுதோறும் அனுமதி. ஏன் 34 ஆண்டு பழைய கணக்கு? இத்தாலியர்களும் யூதர்களும் பெருமளவில் வருவதற்கு முந்தைய கணக்கு அது. அதை எடுத்தால் அவர்களின் பங்கு தானாகவே சுருங்கிவிடும்.

இதன் விலை 1939-ல் தெரிந்தது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 900-க்கும் மேற்பட்ட யூதர்களுடன் வந்த 'செயின்ட் லூயிஸ்' கப்பலை முதலில் கியூபா ஏற்கவில்லை. அமெரிக்காவும் இடம் கொடுக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அந்தப் பயணிகளில் 254 பேர் பின்னர் நாஜிக்களின் இனப் படுகொலையில் இறந்தார்கள்.

இந்தியர்களுக்கு என்ன நடந்தது?

1907-ல் வாஷிங்டன் மாகாணத்தின் பெல்லிங்ஹாமில், மர ஆலைகளில் வேலை செய்த இந்தியர்களை ஒரு கும்பல் அடித்து ஊரை விட்டே விரட்டியது. அவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபி சீக்கியர்கள். 1917 சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை செய்யப்பட்ட மண்டலம் ஆக்கியது.

அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டு வழக்காடினார். அப்போது வெள்ளையர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும்தான் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற முடியும். 1923-ல் உச்ச நீதிமன்றம், சாதாரண மக்களின் புரிதலில் இவர் வெள்ளையர் இல்லை என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது என்பதால், வாழ்வாதாரமும் போனது. 1946-ல்தான் இந்தியர்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஆண்டுக்கு 100 பேர்!

1965-ல் என்ன மாறியது?

கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டம் நடந்த காலம் அது. அதிபர் லிண்டன் ஜான்சன் 1924-ன் ஒதுக்கீட்டு முறையை ஒழித்தார். குடும்ப உறவும் தொழில் திறனும் அடிப்படை ஆகின. இந்திய டாக்டர்களும் என்ஜினீயர்களும் அமெரிக்கா போனது இதற்குப் பிறகுதான்.

அப்படியானால் இப்போது ஏன் காத்திருப்பு?

எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு என்ற விதி வந்ததால். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. 140 கோடி பேர் உள்ள இந்தியாவுக்கும் 4 லட்சம் பேர் உள்ள ஐஸ்லாந்துக்கும் ஒரே வரம்பு. காகிதத்தில் சமம்தான். ஆனால் விண்ணப்பிப்பவர்கள் அதிகமுள்ள நாட்டுக்காரர்களுக்கு வரிசை நீண்டுகொண்டே போகிறது.

பாதிப்பு பிள்ளைகளுக்கும்தான். பெற்றோரின் விசாவில் சின்ன வயதில் போய் அங்கேயே படித்தவர்கள், 21 வயது ஆனதும் அந்த விசாவில் தொடர முடியாது. மாணவர் விசா போன்ற வேறு வழி தேட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும்.

இந்த வரம்பை நீக்கும் மசோதாவை 2019-ல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. 2020-ல் செனட் வேறு வடிவில் நிறைவேற்றியது. இரண்டு வடிவங்களும் ஒன்றுசேராததால் அது சட்டமாகவில்லை.