சுங்கச் சட்டம்

நாட்டின் எல்லையைக் கடக்கும் சரக்குக்கு வரி விதிக்கவும், தடை செய்யப்பட்டதை நிறுத்தவும் அரசுக்குள்ள அதிகாரத்தையும் அதன் வரம்பையும் சொல்வது சுங்கச் சட்டம். எவ்வளவு வரி என்பதை அந்தந்த நாடு முடிவு செய்கிறது. சரக்குக்கு என்ன பெயர், என்ன மதிப்பு என்று பார்க்கும் முறை பெரும்பாலும் பன்னாட்டு உடன்படிக்கைகளிலிருந்து வருகிறது.

இந்தியாவில் சுங்க வரி ஒன்றிய அரசுக்கு மட்டுமே உரியது. 1878-ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 1962-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையையும் தண்டனையையும் வகுக்கிறது. வரி விகிதங்கள் 1975-ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்ட அட்டவணையில் உள்ளன. 2011 முதல் இறக்குமதியாளரே வரியைக் கணக்கிட்டு ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்னும் இறக்குமதி ஆவணத்தைத் தாக்கல் செய்கிறார். அதிகாரி அதைச் சரிபார்க்கிறார்.

மதிப்பு என்பது பொதுவாக வாங்கியவர் உண்மையில் கொடுத்த விலை. உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு உடன்படிக்கை வகுத்த இந்த விதியை இந்தியச் சட்டத்தின் 14-ஆம் பிரிவும் ஏற்கிறது. விலையில் ஐயம் எழுந்தால் அதிகாரி விளக்கம் கேட்கலாம். தன் மனம்போனபடி ஒரு தொகையைப் போட முடியாது. சரக்கு எந்த நாட்டில் உருவானது என்பது, தடையற்ற வணிக ஒப்பந்தச் சலுகை கேட்கும்போது முக்கியமாகிறது.

பெரிய சண்டை பெயரில்தான். பிரஸ்ஸல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பின் ஆறு இலக்கக் குறியீட்டு முறை 1988-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதனோடு இரண்டு இலக்கங்களைச் சேர்த்துக்கொள்கிறது. ஒரே பொருள் இரண்டு தலைப்புகளுக்குப் பொருந்துவதுபோல் தெரிந்தால் வழக்குதான். சிறு பொட்டலத் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா? நம் வீடுகளில் யாருக்கும் எழாத கேள்வி. ஆனால் 1513 என்றால் சமையல் எண்ணெய், 3305 என்றால் கூந்தல் தைலம். அன்றைய கலால் வரியில் இரண்டாவதற்கு விகிதம் அதிகமாக இருந்தது. இதே குறியீட்டைப் பின்பற்றிய கலால் அட்டவணையை வைத்துச் சேலத்திலிருந்து போன வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். பொட்டலம் சிறியது என்பதற்காக மட்டும் அது கூந்தல் தைலம் ஆகிவிடாது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு 2024 டிசம்பரில் முடிவு சொன்னது. அதற்குள் அந்தக் கலால் வரியே ஜிஎஸ்டியில் கரைந்து ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன.