தோப்பும்படிப் பாலங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

நம்மவர் பலருக்குத் தோப்பும்படி என்றால் பஸ் மாறுகிற இடம், அவ்வளவுதான். ஆனால் மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் உள்ள உறவின் வரலாறே இந்தச் சந்திப்பில்தான் அடங்கியிருக்கிறது என்பது அடியேன் கருத்து.

ஒரு காலத்தில் அக்கரைக்குத் தோணியே கதி. 1920இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கப்பல் வழியை ஆழப்படுத்தினார். தோண்டிய மண்ணில் எழுந்ததுதான் வில்லிங்டன் தீவு. (வெலிங்டன் என்று சொல்பவர்கள் உண்டு, பெயர் வைசிராய் வில்லிங்டன் பிரபுவுடையது.) தீவின் இருபுறமும் பாலங்கள் அமைந்தன. தோப்பும்படிப் பக்கம் 1940களில் வந்தது தூக்குப்பாலம். அதன் நடுப்பகுதி எழும்பிக் கலங்களுக்கு வழிவிடும். சரக்கும் ஆளும் சாலை வழியே போக ஆரம்பித்ததும் வியாபாரிக்கு வசதி, தோணிக்காரன் பிழைப்புதான் போச்சு.

பழைய பாலத்துக்குப் பாரம் தாங்காமல், 2001இல் பக்கத்திலேயே இன்னொரு பாலம் திறந்தார்கள். தனியார் கட்டியது, ஆகவே சுங்கம். வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அக்கரையையே நம்பியிருக்கும் ஜனங்களிடம் இத்தனை வருஷம் வசூலித்தது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்! எதிர்ப்புக்குப் பின் 2014இல்தான் அது நின்றது.

2017இல் மெட்ரோ ரயில் வந்தது. ஆலுவாயில் புறப்பட்டு 2024இல் திருப்பூணித்துறை முனையம் வரை எட்டியது. அடுத்த பாதை காக்கநாட்டுக்கு. இரண்டுமே மேற்குக் கொச்சிக்கு வரவில்லை. நமக்குக் கிடைத்தது படகு: 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ. மட்டாஞ்சேரி முனையம் திறக்க 2025 அக்டோபர் ஆனது.

குறை மட்டும் சொல்லக்கூடாது. மிதக்கும் மேடை நீர்மட்டத்தோடு ஏறி இறங்குவதால், படகுத் தளமும் அதுவும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. முழங்கால் வலிக்காரரும் சக்கர நாற்காலிக்காரரும் கைபிடிக்க ஆளில்லாமல் ஏறலாம். பழைய படகில் இதை நினைக்க முடியாது. கட்டணம்தான் அரசுப் படகைவிட அதிகம்; கூலிவேலைக்காரர் கணக்குப் பார்ப்பார்.

முனையம் வரை போவது எப்படி என்பதே மீதிக் கேள்வி. பஜார் ரோட்டில் ஒரு லாரி நின்றால் நடப்பவனுக்கே வழியில்லை. தோப்பும்படியிலிருந்து படகு நேரத்துக்குத் தாழ்தளச் சிறு பஸ் விடும்படி நம் சங்கம் கொச்சி மாநகராட்சிக்கு ஒரு மனு கொடுக்கலாம். எழுதித் தர நான் தயார்.