வாஷிங்டன் ஏர்போர்ட்டும் 1,250 மைல் கோடும்



இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்லை. ஒரு ஏர்போர்ட்டின் வரலாறு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க. அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டருக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. சம்பந்தம் இருக்கு, கடைசியில் சொல்றேன்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், பொட்டோமாக் ஆற்றங்கரையில் ரீகன் நேஷனல் என்ற விமான நிலையம் இருக்கு. நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான்.

இங்கிருந்து கிளம்பும் பயணிகள் விமானம் இடையில் நிற்காமல் 1,250 மைலுக்கு மேல், அதாவது சுமார் 2,000 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. விமானத்தால் முடியும், ஆனா சட்டம் விடாது.

747, 777 மாதிரி உள்ளே இரண்டு நடைபாதை இருக்கும் பெரிய விமானங்களும் இங்கே வழக்கமான சேவைக்கு வருவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை விமானம்தான் என்ற கணக்கும் உண்டு.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் எப்படி வந்துச்சு? அப்புறம் எப்படித் தளர்ந்துச்சு? வாங்க பார்ப்போம்.

1) ஆற்றை மூடிப் போட்ட ரன்வே

1930களில் வாஷிங்டனுக்கு இருந்தது ஹூவர் ஃபீல்ட் என்ற சின்ன விமானத் தளம். அதன் ரன்வேயைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு ரோடு போகும். விமானம் இறங்கும்போது, ரயில்வே கேட்டில் நிறுத்துற மாதிரி வண்டிகளை நிறுத்தணும்! (அந்த இடத்தில்தான் பின்னாடி பென்டகன் வந்தது.)

இது சரிப்படாதுன்னு 1938-ல் அதிபர் ரூஸ்வெல்ட் புது இடத்தை முடிவு செய்தார். ஆற்றோரச் சேற்று நிலத்தில் மண்ணைக் கொட்டி நிரப்பி, 1941 ஜூன் 16-ல் நேஷனல் ஏர்போர்ட்டைத் திறந்தாங்க.

இரண்டு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஒண்ணு, இது மத்திய அரசே கட்டி, மத்திய அரசே நடத்திய ஏர்போர்ட்.

இரண்டு, ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் ரோடும் ரயில் பாதையும். விரிக்க இடமே கிடையாது. இன்னைக்கும் இதன் நீளமான ரன்வே சுமார் 2,185 மீட்டர்தான்.

2) ஆளில்லாத புது ஏர்போர்ட்

ஜெட் விமானங்கள் வந்ததும் பெரிய ரன்வே தேவைப்பட்டது. நகரத்திலிருந்து சுமார் 42 கிலோமீட்டர் தள்ளி டல்லஸ் என்ற புது ஏர்போர்ட்டைக் கட்டி, 1962 நவம்பரில் அதிபர் கென்னடி திறந்து வச்சார். (டெக்சாஸில் இருக்கும் டல்லாஸ் நகரம் வேற. இது ஒரு முன்னாள் வெளியுறவு அமைச்சரின் பெயர்.) அங்கே இன்னைக்கு இருக்கும் நீளமான ரன்வே 3,500 மீட்டர்.

ஜெட்டுக்கு டல்லஸ், பழைய விசிறி எஞ்சின் விமானத்துக்கு நேஷனல். இதுதான் திட்டம்.

ஆனா ஜனங்க போகணுமே! பக்கத்தில் ஒண்ணு இருக்கும்போது 42 கிலோமீட்டர் யார் போவா? டல்லஸ் வெறிச்சோடிக் கிடந்தது. நேஷனல் பிதுங்கியது.

1966 ஏப்ரலில் நேஷனலுக்கும் ஜெட் வரலாம்னு அனுமதி கொடுத்தாங்க. கூடவே ஒரு பயம். விட்டா எல்லா ஜெட்டும் இங்கேயே வந்துடும், டல்லஸ் செத்துடும். பக்கத்தில் குடியிருக்கிறவங்களுக்கு இரைச்சல் வேற.

அதனால 650 மைல்னு ஒரு கோடு போட்டாங்க. கிட்டத்து ஊருக்கு நேஷனல், தூரத்து ஊருக்கு டல்லஸ். ஏற்கெனவே சேவை இருந்த சில ஊர்களுக்கு மட்டும் விலக்கு.

1969-லிருந்து அடுத்த பூட்டு. நேஷனல் உட்பட நெரிசலான ஐந்து ஏர்போர்ட்டுகளுக்கு மணிக்கு இத்தனை ஏறி இறங்கலாம்னு வரம்பு வச்சாங்க. நேஷனலுக்கு 60. இப்படி ஒரு முறை ஏறவோ இறங்கவோ கிடைக்கும் உரிமைக்குப் பேர்தான் ஸ்லாட்.

இரைச்சல் என்பது சின்ன விஷயம் இல்லைங்க. ராத்திரி நேர விமானச் சத்தத்துக்கும் ரத்த அழுத்தம் கூடுவதற்கும் தொடர்பு இருப்பதை, ஐரோப்பாவில் பெரிய ஏர்போர்ட்டுகளைச் சுற்றி வசிக்கும் மக்களிடம் நடந்த ஆய்வுகள் பின்னாடி காட்டின. நேஷனலில் ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 7 மணி வரை தனிச் சத்தக் கட்டுப்பாடு உண்டு. வடக்கிலிருந்து இறங்கும் விமானங்கள் முடிஞ்சவரை ஆற்றின் வளைவை ஒட்டியே வரும். வீடுகள் மேல பறப்பதைக் குறைக்கத்தான்.

3) கோடு நகர ஆரம்பிச்சது

1981-ல் 650 மைல் 1,000 ஆச்சு.

1986-ல் 1,250 ஆச்சு. டெக்சாஸின் ஹூஸ்டன் நகரம் அதுவரை கோட்டுக்கு வெளியே இருந்தது. இப்போ சுமார் 40 மைல் வித்தியாசத்தில் உள்ளே வந்துடுச்சு!

அதே 1986 சட்டம்தான் இரண்டு ஏர்போர்ட்டையும் குத்தகைக்கு விட்டு, நடத்தும் பொறுப்பை ஒரு வட்டார ஆணையத்துக்குக் கொடுத்தது. ஆனா 1,250 மைல் கோட்டை மாற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றம் விட்டுக்கொடுக்கலை. நியூயார்க்கின் லகார்டியா ஏர்போர்ட்டிலும் இப்படி 1,500 மைல் கோடு இருக்கு. அது அங்கே நிர்வாகமே போட்டுக்கிட்ட விதி. வாஷிங்டன் கோடு நாட்டின் சட்டம்.

1986-க்கு அப்புறம் கோடு நகரலை. ஆனா விலக்குகள் வந்துச்சு.

2000-ல் கோட்டைத் தாண்டிப் போக 12 ஸ்லாட்.
2003-ல் இன்னொரு 12.
2012-ல் 16.
2024-ல் 10.

கூட்டிப் பாருங்க, 50. அதாவது தினமும் 25 விமானம் கோட்டைத் தாண்டிப் போய் வரலாம்.

ஒவ்வொரு தடவையும் வாதம் ஒண்ணுதான். "ஏற்கெனவே இத்தனை பறக்குது, இன்னும் அஞ்சு விமானத்தில் என்ன ஆகிடப் போகுது?"

இதில் ஒரு விசித்திரம் இருக்கு. விலக்கு கொடுக்கும் செனட்டர்களும் எம்.பி.க்களும் வார இறுதியில் சொந்த ஊர் போக ஏறுவதும் இதே ஏர்போர்ட்தான்.

எதிர்த்தரப்பையும் சொல்லணும். மேற்குக் கரையில் இருக்கிறவங்களும் வரி கட்டுறாங்க, தலைநகருக்கு நேர் விமானம் கேட்பதில் தப்பு என்ன? கோடு இருப்பதால் போட்டி குறைஞ்சு டிக்கெட் விலை ஏறுதுன்னும் சொல்றாங்க. இந்தக் கோடு முதலில் பாதுகாப்புக்காகப் போட்டதும் இல்லை. டல்லஸை வளர்க்கப் போட்டது. இதெல்லாம் நியாயமான வாதம்தான்.

ஆனா கோடு டல்லஸுக்காகப் போட்டதா இருந்தாலும், இடமில்லாத ஒரு ஏர்போர்ட்டில் கூட்டத்தையும் அதுதான் கட்டுப்படுத்தி வச்சிருந்தது.

2024-ல் நிர்வாகம் சொன்னது: இந்த ஏர்போர்ட் 1.5 கோடிப் பயணிகளுக்காகக் கட்டியது, இப்போ வருஷத்துக்கு வருவது 2.5 கோடி. 2024 ஏப்ரல் 18-ல், ஒரு விமானம் மேலே ஏற ஓடத் தொடங்கிய அதே ரன்வேயைக் குறுக்கே கடக்க இன்னொரு விமானத்துக்கு அனுமதி கொடுத்துட்டாங்க. கடைசி நொடியில் நிறுத்தினாங்க. சுற்றியுள்ள வர்ஜீனியா, மேரிலாந்து செனட்டர்கள் இதைக் காட்டி, கூட்டாதீங்கன்னு எதிர்த்தாங்க. அடுத்த மாசமே சட்டம் நிறைவேறியது.

4) 2025 ஜனவரி 29

ராத்திரி 9 மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவிலிருந்து 64 பேருடன் ஒரு சின்ன ஜெட் இறங்கிட்டு இருந்தது. முக்கிய ரன்வேக்குப் பதிலா, நீளம் குறைஞ்ச 33-ஆம் எண் ரன்வேயில் இறங்க முடியுமான்னு கட்டுப்பாட்டு அறை கேட்டது. சரின்னு திரும்பினாங்க. முக்கிய ரன்வேயின் நெருக்கடியைக் குறைக்க, சின்ன விமானங்களை இப்படித் திருப்புவது அங்கே வழக்கம்.

அதே நேரம் ஆற்றின் மேல் ஒரு ராணுவ ஹெலிகாப்டர். அந்த வழியில் ஹெலிகாப்டருக்கு அனுமதி 200 அடி உயரம் வரைதான். அது பறந்தது ஏறக்குறைய 278 அடியில்.

இரண்டும் மோதின. ஹெலிகாப்டரில் இருந்த 3 பேரையும் சேர்த்து 67 பேர் இறந்தாங்க. ஒருத்தர்கூட பிழைக்கலை.

இங்கே ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். அந்த விமானம் கோட்டைத் தாண்டி வந்தது இல்லை. விச்சிட்டா 1,250 மைலுக்குள்தான் இருக்கு. ஹெலிகாப்டருக்கும் கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை. "2024 சட்டத்தால்தான் விபத்து" என்று யாராவது சொன்னா நம்பாதீங்க.

என்னைத் தூங்கவிடாத கணக்கு வேற.

விபத்துக்கு அப்புறம் விசாரணை அமைப்பு பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தது. 2021 அக்டோபரிலிருந்து 2024 டிசம்பர் வரை, பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் ஒரு கடல் மைலுக்குள், உயரத்தில் 400 அடிக்குள் நெருங்கியது 15,214 தடவை. அதில் 85 தடவை, உயர வித்தியாசம் 200 அடிக்கும் கீழே, பக்கவாட்டில் 1,500 அடிக்கும் கீழே.

இன்னொண்ணு. ஹெலிகாப்டர் விதிப்படி 200 அடியில் பறந்து, விமானமும் சரியான பாதையில் 33-ஆம் ரன்வேக்கு இறங்கினாலும், ஆற்றின் கிழக்குக் கரைக்கு மேல் இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 75 அடிதான்! இரண்டு பேரும் விதியை மீறாமல் இருந்தாலே அவ்வளவுதான்.

அந்த 85 சம்பவமும் பதிவில் இருந்தது. எண்ணிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 67 பேர் இறந்த பிறகுதான் அந்த ஹெலிகாப்டர் வழியை மூடினாங்க. மணிக்கு இறங்கும் விமானங்களையும் குறைச்சாங்க.

5) இப்போ சம்பந்தத்துக்கு வர்றேன்

பிரசவ வார்டில் நாங்க "நியர் மிஸ்" என்று ஒரு வார்த்தை சொல்வோம். சாவின் விளிம்பு வரை போய், பிழைச்சு வந்த தாய். தாய் இறந்தா விசாரணை நடக்கும். பிழைச்சா ஸ்வீட் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. ஆனா பிழைச்ச கேஸையும் உட்கார்ந்து அலசணும், ரத்தம் ஏன் லேட்டாச்சு, ரெஃபர் பண்ண ஏன் தாமதம்னு கேட்கணும் என்பதுதான் மருத்துவம் கத்துக்கிட்ட பாடம். அடுத்த தாய் அதே இடத்தில்தான் மாட்டுவாங்க.

ரெஃபரலும் அப்படித்தான். சாதாரணக் காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையம், பெரிய பிரச்சினைக்குப் பெரியாஸ்பத்திரி என்பது கோடு. "நம்ம ஆளு, ஒருத்தர்தானே, பார்த்து விடுங்க டாக்டர்" என்பது விலக்கு. அந்த ஒருத்தரால் எதுவும் ஆகாது. ஐம்பதாவது ஒருத்தராலும் ஆகாது. ஆனா ஒரு நாள் மாரடைப்போடு வர்றவருக்குப் படுக்கை இருக்காது. அன்னைக்கு யாரைக் காரணம் சொல்வீங்க? யாரையும் சொல்ல முடியாது.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். உங்க தெரு முனையிலோ, வேலை பார்க்கிற இடத்திலோ, பிள்ளைங்க ஸ்கூல் வேனிலோ "நல்லவேளை, தப்பிச்சோம்" என்று சொல்ல வேண்டி வந்தா, அதோட விட்டுடாதீங்க. தேதி போட்டு எழுதி வைங்க. மூணு தடவை ஆச்சுன்னா அந்த லிஸ்ட்டோட போய் மனு கொடுங்க. யாருக்கும் அடிபடாத நேரத்தில் கொடுக்கிற மனுவுக்குத்தான் உயிரைக் காப்பாத்தும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி இருந்தா கேளுங்க, ஓ.பி. முடிஞ்சதும் பதில் சொல்றேன்.