பியூர் டேட்டா

பியூர் டேட்டா, சுருக்கமாக பி.டி., எண்களிலிருந்து ஒலியை உருவாக்கும் கட்டற்ற மென்பொருள். கணிதத்தில் ஹார்வர்டு முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கர் மில்லர் பக்கெட் இதை 1990-களின் நடுவில் எழுதத் தொடங்கினார். 1980-களில் பாரிஸின் இர்காம் இசை ஆய்வு நிலையத்தில் அவர் உருவாக்கிய மேக்ஸ் இதற்கு மூத்தது. கணினி இசையின் முன்னோடி மேக்ஸ் மேத்யூஸின் பெயரே அதற்கு இடப்பட்டது. மேக்ஸ் விற்பனைச் சரக்காகிவிட்டது, பி.டி. இன்றும் இலவசம். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

திறந்தால் வெற்று வெள்ளைப் பக்கம்தான். பியானோக் கட்டைகள் இல்லை, தயாரான தாளம் இல்லை. புதிதாக வருபவர்கள் மிரள்வது இங்கேதான். ஆனால், ஒலியின் அடிப்படையைக் கற்க வந்தவருக்கு இந்த வெறுமைதான் வசதி: தான் வைக்காத எதுவும் ஒலிக்காது. பெட்டி வரைந்து அதற்குள் பெயரைத் தட்டச்சிட வேண்டும்; பெட்டிகளைக் கம்பியால் இணைக்க வேண்டும். இப்படி இணைத்த படத்துக்கு பேட்ச் என்று பெயர்.

மூன்று பெட்டிகளே முதல் பேட்சுக்குப் போதும். ‘ஆஸ்க்~ 440’ வினாடிக்கு 440 முறை அதிரும் சைன் அலையைத் தரும். ‘*~ 0.1’ அதன் வீச்சைப் பத்தில் ஒன்றாக்கும். ‘டாக்~’ அதை ஒலிபெருக்கிக்கு அனுப்பும். பெயரின் வாலில் இருக்கும் நெளிகோடு, அந்தப் பெட்டி ஓயாமல் ஓடும் ஒலிச் சமிக்ஞையைக் கையாளுகிறது என்பதற்கு அடையாளம். நடுப்பெட்டியை விட்டுவிட்டு ஹெட்போனை மாட்டுவது காதுக்கு நல்லதல்ல. முழு வீச்சு சைன் அலை ஊசிபோல் குத்தும்.

அடுத்துச் சுருதி. 440-க்குப் பதில் ஓர் எண்பெட்டியை இணைத்து 100, 200, 300 என நூறு நூறாக ஏற்றிப் பார்க்கலாம். 100-லிருந்து 200-க்குப் போகும்போது ஒரு முழு ஸ்தாயி தாண்டுகிறது. 1000-லிருந்து 1100-க்கு வரும்போதோ இரண்டு அரைச்சுரம்கூடத் தேறாது. காது வித்தியாசத்தைக் கணக்கிடுவதில்லை, விகிதத்தைக் கணக்கிடுகிறது. இதைச் சரிக்கட்ட ‘எம்டிஓஎஃப்’ என்ற பெட்டி இருக்கிறது. சுரங்களுக்கு எண்ணிடும் மிடி முறையின் 69-ஐக் கொடுத்தால் 440 ஹெர்ட்ஸ் தரும். எண் ஒன்று கூடினால் அதிர்வெண் ஏறத்தாழ 1.0595 மடங்காகும், பன்னிரண்டு கூடினால் இரு மடங்கு. 60-க்கு 261.63 ஹெர்ட்ஸ், அதாவது ‘சி’ சுரம். கர்நாடக இசைக்காரர்கள் ஒரு கட்டை என்பது இந்தச் சுரத்தைத்தான். ஸ்தாயி மட்டும் குரலுக்கேற்ப மாறும். 60.5 என்று கொடுத்தாலும் பி.டி. முகம் சுளிக்காது. பியானோவில் இல்லாத இடைச்சுரங்கள் இப்படிக் கைக்கு வருகின்றன.

இங்கே ஒரு நல்ல சோதனை செய்யலாம். 440-ஐ சட்ஜமாக வைத்தால், 3:2 விகிதப்படி பஞ்சமம் 660. மிடி எண் 76 தருவதோ 659.26. இந்த இரண்டு பஞ்சமங்களையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், நான்கு வினாடிக்கு மூன்று முறை ஒலி பெருகித் தேயும். இயற்பியல் பாடநூல் இதை விம்மல் என்கிறது. தம்பூராவின் பிருடையைத் திருகிச் சுருதி சேர்ப்பவர் காது தேடுவதும் இந்த விம்மல் அடங்கும் இடத்தைத்தான்.

ஒற்றை சைன் அலை சாறில்லாத ஒலி. 440-உடன் 880, 1320, 1760 ஆகியவற்றை வீச்சு அரை, மூன்றிலொன்று, கால் எனக் குறைத்துச் சேர்த்தால், நான்கு சுரங்கள் தனித்தனியே கேட்காமல் ஒரே கணீர்ச் சுரமாகிவிடும். இது கூட்டல் முறை. கழித்தல் முறையில், மேற்சுரங்கள் நிறைந்த ரம்பப்பல் அலையை ‘ஃபேசர்~’ பெட்டியிலிருந்து எடுத்து, வடிகட்டியால் செதுக்குவார்கள்.

மூன்றாவது வழி வியப்பானது. ஒரு சைன் அலையின் அதிர்வெண்ணை இன்னொரு சைன் அலையால் வினாடிக்கு ஆறு முறை அசைத்தால், பாடகர் குரலை அசைப்பதுபோல் கேட்கும். அந்த ஆறை நூறுகளுக்கு உயர்த்தினால் அசைவு மறைந்து, மணியோசையோ வெண்கல நாதமோ பிறக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1967-இல் ஜான் சௌனிங் கண்டது இது. 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கருவி இதை உலகெங்கும் கொண்டுபோனது. பி.டி.-யில் இதற்கு மூன்று பெட்டிகள் கூடுதலாகத் தேவை, அவ்வளவுதான்.

வீச்சைச் சட்டென்று மாற்றினால் ‘டிக்’ என்று ஒரு வெட்டுச் சத்தம் கேட்கும். ‘லைன்~’ பெட்டி வீச்சைப் படிப்படியாக ஏற்றி இறக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. கணினி ஒலியை வினாடிக்கு 44,100 மாதிரிகளாகவே எடுக்கும்போது ‘ஆஸ்க்~’ பெட்டிக்கு 43,660 கொடுத்தால், மனிதக் காதுக்கு எட்டாத கீச்சொலி வர வேண்டிய இடத்தில், பழைய 440 சுரமே திரும்பி வரும். மாதிரி எண்ணிக்கையில் பாதிக்கு மேல் போகும் அதிர்வெண் மடிந்து கீழே இறங்கிவிடுகிறது. ‘ஃபேசர்~’ உயர்சுரங்களில் கரகரப்பதற்கும் இதுவே காரணம்.

பக்கெட் 2007-இல் வெளியிட்ட மின்னணு இசைப் பாடநூலின் எடுத்துக்காட்டு பேட்சுகள் மென்பொருளோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றில் முதலாவது, ஒற்றை சைன் அலை.