திருக்குடந்தைப் பதிகமும் யாத்திரிகரும்

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடைப்பட்ட திருக்குடந்தைக்கு இந்நாளில் சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வாகனங்கள் திரளாக வருகின்றன. வருவோர் ஆராவமுதனை ஸேவித்து உடனே மீள்கின்றனர். இத்தகையோரால் ஸம்ப்ரதாயத்துக்கு என்ன பயன் என ஐயுறுவோர் குருபரம்பரைச் செய்தி ஒன்றை நினைவுகூர்தல் தகும்.

குறிஞ்சிப்பாடிக்குத் தெற்கே, வீரநாராயணபுரமாகிய காட்டுமன்னார்கோயிலில், வழிச்செல்லும் யாத்திரிகர் சிலர் இக்குடந்தையைப் பற்றிய திருவாய்மொழிப் பதிகத்தை (5-8) விண்ணப்பம் செய்தனர். அதன் இறுதிப் பாசுரம், அப்பத்தும் ஆயிரத்துள் அடங்கியவை என்கிறது. எஞ்சியவை யாண்டுள என்று ஸ்ரீமந்நாதமுனிகள் வினவினார். வந்தோர் அறிந்தது அவ்வளவே. அவ்வினாவே அவரைத் திருக்குருகூருக்குச் செலுத்தியது. நம்மாழ்வார் அருளால் நாலாயிரமும் மீண்டன.

பாடியோர் வழிப்போக்கரே, செவிசாய்த்து வினவுவார் ஒருவர் அங்கிருந்தார். இன்று வருவோர் செவியில் அப்பதிகம் விழச்செய்தல் தலத்தார் கடன்.