கரைப் புறம்போக்கு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சென்ற தீபாவளிக்கு ஓமலூர் வந்திருந்தார். ஞாயிறுதோறும் காலாங் ஆற்றின் ஓரமாகச் சைக்கிளில் போய்வரும் தன் வழக்கத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். வழவழப்பான தளம், இருபுறமும் மரம், பாலங்களுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் ஏறும் பாதை. தட்டுவடை செட் காலியாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், "நம்ம சரபங்கா கரையில இப்படி ஒண்ணு போட்டா என்னங்க?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மழை ஓய்ந்த ஒரு டிசம்பர்க் காலையில், பரணிலிருந்து இறக்கித் துடைத்த பழைய சைக்கிளோடு கரையேறினேன். எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். போன தூரத்தைக் காட்டிலும், போக முடியாமல் நின்ற இடங்களே இக்கட்டுரையை எழுதவைத்தன.

முதலில் ஒரு பொதுவான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே அமைந்த பாதைகள் என்று நாம் கேள்விப்படுபவற்றுள் பல, அதற்காகத் தோன்றியவை அல்ல. ஆஸ்திரியாவில் டான்யூப் நதியோரமாக வியன்னா வரை செல்லும் புகழ்பெற்ற சைக்கிள் பாதையின் பெரும்பகுதி, நீராவிக் கப்பல் வருவதற்கு முன், சரக்குப் படகுகளைக் கயிறு கட்டிக் குதிரைகள் நீரோட்டத்துக்கு எதிராக இழுத்துச் சென்ற தடம். இங்கிலாந்தின் கால்வாயோரப் பாதைகளின் கதையும் அதுவே. குதிரையின் குளம்படியில் இறுகிய மண்மீதுதான் பின்னாளில் ரப்பர்ச் சக்கரம் உருண்டது. அமெரிக்க நகரங்கள் சிலவற்றில், வெள்ளத்தடுப்புப் பொறியாளர்கள் தங்கள் வண்டிகள் போய்வரப் போட்ட பராமரிப்புச் சாலைகளே பொழுதுபோக்குப் பாதைகளாயின. காலாங் மட்டும் என்ன? 1977இல் லீ குவான் யூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் பத்தாண்டுகளில் சுத்தம் செய்துகாட்ட வேண்டும் என்று பணித்தார், 1987இல் முடித்தார்கள். பூங்காக்களை இணைக்கும் பாதைகள் அதன் பிறகே, தொண்ணூறுகளில் வந்தன. பீஷான் பகுதியில் 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் கான்கிரீட் வாய்க்காலாக இருந்ததை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளியும் ஆறாக மீண்டும் ஓடவிட்டது 2012இல். ஆற்றுக்குக் கரை வேண்டும்; அந்தக் கரை யாருடையது என்பது தெளிவாக இருக்க வேண்டும். சிமெண்ட், தார் எல்லாம் அதற்குப் பின்னர்.

நம் பக்கத்துக்கு வருவோம். சேர்வராயன் மலையில் பிறக்கும் ஓடைகள் ஓமலூர்ப் பக்கம் ஒன்றுகூடிச் சரபங்கா ஆகின்றன. அது எடப்பாடி வழியாக மேற்கே இறங்கித் தேவூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது. சரபங்க முனிவர் இங்கே தவமிருந்தார் என்பது ஊர்வழக்கு. இராமனைக் கண்ட பின் தீப்புகுந்து உடல் நீத்த அந்த முனிவருக்குக் கம்பன் ஆரணிய காண்டத்தில் ஒரு படலமே தந்திருக்கிறான். ஆண்டில் பல மாதம் நீரின்றிக் காய்ந்து கிடக்கும் ஆற்றுக்கு, நெருப்பில் கரைந்தவரின் பெயர் எப்படியோ பொருந்திவிட்டது.

தஞ்சைச் சமவெளியில் ஆற்றங்கரைதான் சாலை. காவிரியின் கிளைகள்தோறும் உயர்ந்த கரை, கரைமேல் வண்டிப்பாதை, பாதையோரம் ஊர். சேலம், நாமக்கல் சமவெளியில் அப்படியில்லை. பெருவழிகள் இங்கே ஆற்றைப் பின்பற்றவில்லை; கணவாய்களைத் தேடிச் சென்றன. தர்மபுரிப் பகுதியில் கிடைத்திருக்கும் அதியமான் பெருவழிக் கற்கள் நாவல் தாவளத்துக்கு எத்தனை காதம் என்று எழுத்தில் சொல்கின்றன. எழுத்தறியாத வழிப்போக்கனும் விரலால் தடவி எண்ணிக்கொள்ளக் குழிகளும் உண்டு. தொப்பூர்க் கணவாய் வழியாக மைசூர்ப் பீடபூமியிலிருந்து இறங்கும் தடத்தில் ஓமலூர் இருந்ததால்தான் இங்கே ஒரு கோட்டை வந்தது. தாரமங்கலத்துக் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய கெட்டி முதலியார்களும் மைசூர்ப் படைகளும் கும்பினியாரும் மாறிமாறி இதன்மேல் கண் வைத்தனர். ஆனால் ஊருக்கு ஊர் போகும் சிறு போக்குவரத்து எங்கே நடந்தது? கோடையில் ஆற்றுக்குள்ளேயே நடந்தது. மணல்தான் தெரு. தண்ணீர் வந்தால் கரைமேல் ஏறுவார்கள். கரை என்பது இவ்வூரில் ஆண்டுக்கு மூன்று நான்கு மாதம் மட்டும் தேவைப்பட்ட மாற்றுப்பாதை. அதன் பலவீனமும் அங்கேயே தொடங்குகிறது.

இங்கே ஓர் அதிகாரியைச் சந்தித்தாக வேண்டும். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் விட்டுக்கொடுத்தபோது, கும்பினி அவற்றின் நிர்வாகத்தைக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைத்தது. அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோ, கிரஹாம், மக்ளவுட் ஆகிய மூவர், எல்லோரும் படைவீரர்கள். வருவாய் அலுவல் தெரிந்த சிவில் அதிகாரிகள் தமிழோ கன்னடமோ அறியாதவர்கள் என்பதால் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிப்பாய்களை நம்பினார். இவர்கள் 1799 வரை ஊர் ஊராகச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். இடைத்தரகரின்றி உழுபவனோடு நேரடியாகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருப்பெற்றது. மன்றோ 1820இல் சென்னையின் கவர்னரானதும், அம்முறை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியதும் பள்ளிப் பாடத்தில் உள்ளவை. பாடத்தில் இல்லாத ஒரு கேலி: ரயத்துவாரி பிறந்த இதே சேலத்தில், ரீட் போன சில ஆண்டுகளிலேயே நிலங்களை மிட்டாக்களாக வெட்டி ஏலம் போட்டார்கள். மிட்டாதார்கள் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரை இருந்தனர்.

அளந்தவர்கள் எதை அளந்தார்கள்? தீர்வை கட்டக்கூடிய நிலத்தை. நன்செய், புன்செய், தோட்டம் எனத் தரம் பிரித்தபின் எஞ்சியது, கணக்குக்குப் புறம்பே போயிற்று. ஆறு, ஓடை, கரை, பாதை, சுடுகாடு, மந்தை எல்லாம் புறம்போக்கு. கருத்து புதிதன்று. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஒவ்வோர் ஊரின் பரப்பையும் சொல்லி, ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சேரி, சுடுகாடு ஆகியவற்றை இறையிலியாகக் கழித்துவிட்டே வரிக்கணக்கைத் தொடங்குகின்றன. ஆனால் சோழர் பட்டியலில் அவை பெயர் சொல்லி அழைக்கப்பட்டன. சர்வே பதிவேட்டிலோ அத்தனையும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. ஊரின் பொதுச்சொத்து, வருமானமில்லாத எச்சமாகப் பெயர் மாறிற்று. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் பாதை, ஆற்றுப்படுகை, நீர்வழி யாவும் சர்க்காரின் சொத்து என்று அறிவித்தபோது, ஊருக்கு அதன்மேலிருந்த கடைசிப் பிடியும் தளர்ந்தது என்பது என் எண்ணம். சர்க்காரின் சொத்தை யார் காவல் காப்பது? இன்று 'புறம்போக்கு' என்பது தமிழில் ஒரு வசைச்சொல். ஆற்றங்கரை எப்படிக் கெட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

இந்த எச்ச நிலத்தின்மீதுதான் சைக்கிள் வந்தது. ஹெர்குலிஸ், ராலே, ஹம்பர் என்று இறக்குமதியாகிப் பண்ணையார் வீட்டுத் திண்ணையில் நின்ற பொருள், 1949இல் சென்னை அம்பத்தூரில் முருகப்பா குழுமம் ஆங்கிலேய நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய பிறகு மெல்ல மெல்ல எல்லோர் கைக்கும் எட்டியது. எடப்பாடித் தறிக்காரரின் நூல் மூட்டையும், ஓமலூர் ஆலைக் கொட்டகைகளின் வெல்லச் சிப்பமும் கேரியரில் ஏறின. பெரிய சாலையில் போனால் விளக்கில்லை, டபுள்ஸ் என்று போலீஸ்காரர் பிடிப்பார். பஞ்சாயத்து வில்லை எங்கே என்று கேட்பார். கரைத்தடத்தில் கேட்பாரில்லை. நானும் மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியது இந்தக் கரையில்தான். விழுந்தால் மணலில் விழலாம்.

பெண்கள் வந்தது பிறகு. 1991இல் புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது பல்லாயிரம் பெண்கள் பழகினார்கள். அரசின் விலையில்லா சைக்கிள் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, சில ஆண்டுகளில் அரசு, உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பினர் அனைவருக்குமாயிற்று. ஓமலூர்ப் பக்கம் கரையோரச் சிற்றூர்களிலிருந்து பள்ளிக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு, லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையைவிட இந்த மண்தடமே வீட்டாருக்கு நிம்மதி தந்தது. பொழுதுபோக்குப் பாதை பற்றிப் பேசும்போது இதை நான் மறக்க விரும்பவில்லை.

நான் சென்ற வழியைச் சொல்ல வேண்டும். ஊரைத் தாண்டும்வரை கரை என்று ஒன்று கிடையாது. வீடுகளின் பின்சுவர், சாக்கடை வாய், இறைச்சிக் கழிவு, பிளாஸ்டிக். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். ஊருக்கு வெளியே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நல்ல தடம். தென்னை, கரும்பு, தூரத்தில் சுண்ணாம்புக் கரட்டின் வெளுத்த முதுகு, பின்னால் நீலமாகச் சேர்வராயன். நுரையோடு தண்ணீர் ஓடிற்று, இருந்தாலும் ஓடிற்று. பிறகு தடம் ஓரடியாகக் குறுகி, ஒரு கல்கால் வேலியில் முடிந்தது. வேலிக்கு அப்பால் கரைமேலேயே தென்னங்கன்று வைத்திருந்தார்கள்.

இதோடு ஒப்பிட மேட்டூர்க் கால்வாய்களைப் பார்க்கலாம். 1934இல் அணை திறந்து இருபதாண்டுக்குப் பின், 1955இல் பயன்பாட்டுக்கு வந்த கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்கு, வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் 137 நாள் நீர் தருகின்றன. பொதுப்பணித்துறை ஜீப் போவதற்கென்று விட்ட கரைப்பாதை உண்டு. பூமணம் பரவும் புலர்காலையில் அதில் சைக்கிள் மிதிப்பதற்கு ஈடு இந்த வட்டாரத்தில் வேறில்லை. யாரும் அதைப் பொழுதுபோக்குப் பாதை என்று அழைப்பதில்லை. அது அப்படித்தான் இருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான். கால்வாயில் தண்ணீருக்காகக் காத்திருக்கும் உழவர்கள் இருக்கிறார்கள். கரை உடைந்தால் அன்றைக்கே சத்தம் எழும். சரபங்காவுக்காகச் சத்தம் போடுவோர் குறைந்துவிட்டனர். 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டி 2021 பிப்ரவரியில் முதற்கட்டம் தொடங்கப்பட்ட 565 கோடி ரூபாய்த் திட்டம், மேட்டூர் உபரிநீரைக் குழாய்வழி ஏற்றிச் சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளை நிரப்புவதற்கானது. ஏரிக்கு நீர் வருவது நல்லதே. ஆனால் தண்ணீர் குழாயில் வரும்போது, ஆறு எதற்கு என்று கேட்பவனும் வருவான்.

நண்பரின் கேள்விக்கு என் பதில் உடனே 'ஆம்' என்று வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றுமுகம் 2012இல் மக்களுக்குத் திறக்கப்படுமுன், அக்கரையில் குடியிருந்த ஏழைகள் அகற்றப்பட்டார்கள். சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பின், அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. ஆற்றில் வீடு கட்டியவரைப் பற்றிப் பேசும்போது, குடிசை போட்டவரையும் கல்யாண மண்டபம் கட்டியவரையும் ஒரே சொல்லால் சுட்டுகிறோம். இடிக்கும் இயந்திரம் எப்போதும் குடிசைப் பக்கமிருந்தே தொடங்குகிறது. ஓமலூரில் பின்சுவர் ஆற்றைப் பார்த்திருக்கும் வீடுகளில் இரண்டு வகையும் உண்டு. தளம்போட்ட பாதை ஒன்று வருமானால், அதன் முதல் வேலை சிமெண்ட் கொட்டுவதாக இருக்கக்கூடாது. பழைய புல வரைபடத்தை எடுத்து, கரையின் இரு எல்லையிலும் கல் நடுவதாக இருக்க வேண்டும். நடும்போது எல்லா வகைச் சுவரையும் அதே சங்கிலியால் அளக்க வேண்டும். அதன்பின் மண்தடமே எனக்குப் போதும்.

வேலிக்கு இப்பால் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஆடு ஓட்டிவந்த ஒரு பெரியவர் என்னையும் சைக்கிளையும் மாறிமாறிப் பார்த்தார். வழி எங்கே போகிறது என்று கேட்டேன். "முந்தி எடப்பாடி வரைக்கும் போகுமுங்க" என்றார். பிறகு கல்காலுக்கும் முள்ளுக்கும் நடுவே ஆடுகள் நுழையும் சந்தைக் காட்டி, முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பின்சக்கரத்தைத் தூக்கினேன்.