கல்லும் கட்டியும்: கணையத்தின் ஆபத்தை அளந்த கதை

ஈரலுக்கு ஊர்ப்பேச்சில் பெயர் உண்டு, மண்ணீரலுக்கும் உண்டு. கணையத்திற்கு இல்லை. சித்தூர் வட்டத்துத் தமிழ்ச் சிற்றூர்களிலும் தேவிகுளம், பீர்மேடு தோட்டக் குடியிருப்புகளிலும் உடலுறுப்புச் சொற்களைத் திரட்டியபோது என் பட்டியலில் இந்த ஓரிடம் மட்டும் வெற்றாகவே நின்றது. ‘கணையம்’ பாடநூல் தந்த சொல். மலையாளத்தின் ‘ஆக்னேயகிரந்தி’யும் அவ்வாறே. (பழந்தமிழில் கணையம் என்பது கதவுக்குக் குறுக்கே இடும் மரம். வயிற்றின் குறுக்கே கிடக்கும் உறுப்புக்கு அது பொருந்தத்தான் செய்கிறது.) உறுப்புக்குப் பெயரில்லை என்றாலும் அதன் நோயைச் சுட்ட மக்களிடம் இரண்டு சொற்கள் இருந்தன: கல், கட்டி. இவ்விரண்டுக்கும் மருத்துவத்தில் வெவ்வேறு வரலாறுகள் உண்டு. அவை ஒன்றையொன்று சந்திக்காமல் நெடுங்காலம் நடந்தன என்பதே இப்பதிவின் பொருள்.

முதலில் கல். 1950களில் இந்தோனேசியாவில் பணியாற்றிய சுய்டெமா என்ற மருத்துவர், மரவள்ளிக்கிழங்கையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழைகளிடம் கணையத்தில் கல்லும் கூடவே நீரிழிவும் இருப்பதை 1955, 1959ஆம் ஆண்டுகளில் எழுதினார். அடுத்த பத்தாண்டில் கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் இதே நோயைப் பெருந்தொகையான நோயாளிகளிடம் கண்டார். அவருடைய ‘கணைய நீரிழிவு’ நூல் 1968இல் வெளிவந்தது. அவர் காட்டிய வாழ்க்கைக்கோடு கொடியது: குழந்தைப் பருவத்தில் வயிற்றுவலி, இளமையில் சர்க்கரை, வாழவேண்டிய வயதில் சாவு. மதுப்பழக்கம் அற்றவர்களிடமே இது காணப்பட்டது. எக்ஸ்ரே படத்தில் முதுகெலும்பின் இருபுறமும் வெண்கற்கள் சிதறிக் கிடக்கும்.

காரணம் தேடியவர்களின் கண் கிழங்கின்மேல் விழுந்ததில் வியப்பில்லை. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் (ஆட்சி 1880–1885) ஊக்குவித்த பயிர் அது. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது அதுவே உயிர் காத்தது. பின்னர் சமவெளியிலிருந்து இடுக்கி மலைக்குக் குடியேறிய உழவர்கள் காட்டைத் திருத்தி முதலில் நட்ட பயிர்களுள் ஒன்றும் அதுவே. அவித்து உலர்த்திய வாட்டுக்கப்பை மழைக்காலம் முழுதும் அடுப்புக்கு மேலிருந்து இறங்கும். கப்பை, கொள்ளி, பூளை, மரச்சீனி, குச்சிக்கிழங்கு என்று பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் குமரி வரையிலும் இதற்கு வழங்கும் பெயர்களைக் கொண்டே ஒரு மொழிநிலப்படம் வரையலாம். அதை வேறொரு பதிவில் செய்கிறேன். கிழங்கிலுள்ள சயனைடு கணையத்தைச் சிதைக்கிறது என்ற கருதுகோளை மக்மில்லனும் கீவர்கீசும் 1979இல் முன்வைத்தனர். 1985இல் உலக சுகாதார நிறுவனம் ‘ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு’ என்ற தனி வகையையே உருவாக்கி, இந்நோயை அதனுள் வைத்தது.

அந்த வகை 1999இல் நீக்கப்பட்டது. மரவள்ளியை மிகுதியாக உண்ணும் ஆப்பிரிக்கப் பகுதிகளில் இந்நோய் அவ்வளவாக இல்லை. கிழங்கையே அறியாத இந்தியப் பகுதிகளில் இருந்தது. 2002இல் ஐதராபாத்திலிருந்து வந்த ஆய்வுகள், டிரிப்சினைக் கட்டுப்படுத்தும் ‘ஸ்பிங்க்1’ மரபணுவின் பிறழ்வுக்கும் இந்நோய்க்கும் வலுவான தொடர்பைக் காட்டின. ஆயினும் கிழங்கின் மேலுள்ள பழி இன்றும் முற்றாக நீங்கவில்லை. ஏழையின் உணவில் நோய்க்காரணம் தேடுவது எப்போதும் எளிதாகவே இருந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இதனிடையே புற்றுநோய் பற்றிய கேள்வி எழுந்தது. நாட்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களை ஆறு நாடுகளில் பின்தொடர்ந்த லோவன்ஃபெல்ஸ் குழு, இருபது ஆண்டுகளில் சுமார் 4 விழுக்காட்டினருக்குக் கணையப் புற்று வருவதாக 1993இல் கணக்கிட்டது. மறு ஆண்டு சாரி, மோகன், பிச்சுமணி முதலியோர் கல் நோயுள்ள 185 பேரைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் கவனித்து, பொதுமக்களைவிட ஆபத்து ஏறத்தாழ 100 மடங்கு என்றனர். இந்த நூறு அதன்பின் ஒவ்வொரு பாடநூலிலும் ஏறியது. ஆனால் அதன் அடியில் இருப்பவை ஆறு மரணங்கள். எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கை 0.06. ஆகவே உண்மை 37 மடங்காகவும் இருக்கலாம், 218 மடங்காகவும் இருக்கலாம் என்று அக்கட்டுரையே கூறுகிறது. மேற்கோள் காட்டுவோர் நூறை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த இடைவெளியை விட்டுவிடுகிறார்கள்.

இனிக் கட்டி. 1978இல் கொம்பாக்னோ, ஓர்டல் இருவரும் கணைய நீர்க்கட்டிகளைப் பிரித்துக் காட்டினர்: தெளிநீர் கொண்டவை பெரும்பாலும் தீங்கற்றவை, கோழைநீர் கொண்டவை புற்றாக மாறக்கூடியவை. அழற்சியின் பின்விளைவாகத் தோன்றும் போலிக்கட்டிக்கு அந்த இயல்பில்லை. 1982இல் ஓஹாஷி குழு ஜப்பானில் கணைய நாளத்திற்குள்ளேயே கோழை சுரக்கும் கட்டியை விவரித்தது. 2004இல் பாஸ்டனின் புரூகி குழு, கட்டிநீரில் சி.இ.ஏ. அளவு மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமைத் தாண்டினால் அது கோழைக்கட்டியாக இருக்கக்கூடும் என்றது. அந்த எண் கட்டியின் இனத்தைச் சொல்கிறதே தவிர, அது புற்றா என்பதைச் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை மாணவர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள்.

2006இன் செண்டாய் நெறிமுறை கத்தியை முன்னிறுத்தியது: கிளைநாளக் கட்டி 3 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அகற்றலாம். அகற்றிய பலவற்றில் புற்று இல்லை. அறுவையோ உயிருக்கே ஆபத்தாகக்கூடிய பெரிய அறுவை. 2012இன் ஃபுகுவோகா திருத்தம் குறிகளை ‘கவலைக்குரியவை’, ‘மிகை ஆபத்தானவை’ என இரண்டாகப் பகுத்தது. முதன்மை நாளம் 5 முதல் 9 மில்லிமீட்டர் வரை விரிந்திருந்தால் கவலை. 10 அல்லது அதற்கு மேல் எனில் மிகை ஆபத்து. அண்மைய கியோட்டோ நெறிமுறையிலும் இந்த அளவுகள் தொடர்கின்றன.

இரு வரலாறுகளும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கல் நோயின் முதன்மை அடையாளமே விரிந்த நாளம். கல் அடைத்து விரிந்த நாளமும் கோழை நிறைந்து விரிந்த நாளமும் படத்தில் ஒன்றுபோல் தோன்றக்கூடும். கோழைநோய்க்காக வகுத்த அளவுகோலைக் கல் நோயாளிமேல் அப்படியே வைத்தால், தீங்கற்ற விரிவு ஆபத்தாகத் தெரியும். மறுபுறம், ‘இது பழைய கல் நோய்தான்’ என்று அமைந்துவிட்டால், நூறு மடங்கு என்று நாம் அஞ்சும் அந்தப் புற்று கல்லின் மறைவிலேயே வளரும். வலி அதிகரிப்பது, எடை குறைவது, சர்க்கரை திடீரெனக் கட்டுக்கடங்காமல் போவது: மூன்றும் இரண்டு நோய்களுக்கும் பொது. எல்லைப்பகுதியில் இன்னுமொரு சிக்கல் உண்டு. இடுக்கித் தமிழர் ஒருமுறை தேனிக்கும் மறுமுறை கோட்டயத்திற்கும் போகிறார். பாலக்காட்டார் கோயம்புத்தூருக்குப் போகிறார். கண்காணிப்பு என்பது பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. பழைய படம் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் இருக்கும்.

சென்ற ஆவணியில், நான் சொல் திரட்டிய வீடொன்றில் ஒரு பாட்டி தன் ஸ்கேன் அறிக்கையைப் படித்துக் காட்டச் சொன்னார். கிளைநாள நீர்க்கட்டி, 18 மில்லிமீட்டர், கவலைக்குரிய குறி எதுவுமில்லை, ஆறு மாதத்தில் மறுபரிசோதனை. ‘கட்டி’ என்றவுடன் மருமகள் அழத் தொடங்கிவிட்டாள். சீழ்க்கட்டி, நீர்க்கட்டி, புற்றுக்கட்டி அனைத்துக்கும் தமிழ் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. ‘இது நீர்ப்பைங்க பாட்டி, புத்து இல்லை, ஆனா பார்த்துக்கிட்டே இருக்கணும்’ என்றேன். அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். “அப்பொ கொங்கன்படைக்கு முன்னால போகணும். திருவிழா வந்துட்டா யாரும் கூட வரமாட்டாங்க” என்றார்.